எத்தனை விரல்?

அன்று காலை அந்த இருட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கேமராவுக்கு அந்தப் பக்கம், உருளை ஸ்டூலில், தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டியில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர் மொக்கைச்சாமி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர், வலது கண் தெரியவில்லை என்று வந்தவர். அவர் மனைவி பாண்டிச்செல்வி கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமராவுக்கு இந்தப் பக்கம், சுவருக்கு முதுகு காட்டி அஃப்சானா. அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் கிடையாது. பிற்பாடு அதை அவள் பல தடவை கையால் அளந்து பார்த்தாள். ஒரு சாணும் நாலு விரலும்தான் இருந்தது.

நாகல் நகரில், கீழே மருந்துக்கடையும் மேலே இரண்டு மாடியுமாக இருந்த அந்தச் சின்ன கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை, கண்ணுக்கு உள்ளே படம் எடுப்பது. வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தாலும், பஸ்ஸும் ஆட்டோவும் முட்டி மோதிக் கத்திக்கொண்டிருந்தாலும், கருப்புத் திரையை இழுத்துவிட்டால் அந்தச் சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிப்போகும்; கேமராவின் விசிறி மெல்ல இரைவதும், ஸ்பிரிட் வாசனையும், சூடேறிய மிஷின் தூசியின் வாடையும், பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதும் மட்டும் மிஞ்சும். அந்த இருட்டு அவளுக்குப் பிடிக்கும். வீட்டில்கூட இப்படி ஓர் அமைதி கிடையாது என்று சிரிப்பாள்.

படம் எடுப்பதற்கு முன்னால் பார்வை எவ்வளவு என்று ஃபைலில் எழுத வேண்டும். எழுத்துப் பலகை தெரியாதவருக்கு விரல். விரல் தெரியாதவருக்குக் கையசைப்பு. அதுவும் தெரியாதவருக்கு டார்ச். மொக்கைச்சாமியின் நல்ல கண்ணை மூடிவிட்டு, அவள் இரண்டு விரலை நீட்டினாள்.

"எத்தனை விரல் தெரியுதுண்ணே?"

"அஞ்சுங்க."

மூன்று காட்டினாள்.

"அஞ்சேதானுங்க அம்மணி."

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க, தக்காளிப் பொட்டி எண்ற மாதிரி ஒரே கணக்கா அடிச்சு வுடாதீங்க. பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான்டி சொல்றேன். நீட்டு நீட்டா அஞ்சு வெரலு."

அஃப்சானா டார்ச்சை அடித்தாள். அந்தக் கண்ணின் பாப்பா சுருங்கவில்லை. வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டதற்கு, "லைட்டு போட்டீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் ஃபைலில் 'ஒளி தெரியவில்லை' என்று எழுதினாள். வெளிச்சமே தெரியாத கண்ணுக்கு விரல் தெரியாது. அது அவளுக்குப் பாடம் மாதிரி.

கேமராவில் கண் விரிந்தது. ரத்தக்குழாய் அடைத்த கண் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: செம்மண் நிறத்தில் இருக்க வேண்டிய விழித்திரை தோசை மாவு போல வெளிறி, நடுவில் மட்டும் குங்குமப் பொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு. குழாய்கள் நூலாக இளைத்துக் கிடந்தன. கோளாறு வேறு எதிலோ இருந்தது. ஜோடி மாடு போல இரண்டு கண்ணும் சேர்ந்துதான் திரும்பும். இவருடைய இடது கண் அவள் சொன்னபடி கேமராவில் எரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க, பார்வை போன வலது கண் மட்டும் தனியே விலகி, அவளுடைய இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"நேரா பாருங்கண்ணே."

"நேராத்தானுங்க பாக்கறேன்."

எடுத்த படங்கள் எல்லாமே ஒரு பக்கம் ஒதுங்கி விழுந்திருந்தன.

டாக்டர் தண்டாயுதபாணி படங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மூணு நாள் கழிச்சு வந்தா என்னம்மா பண்றது? நாலஞ்சு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம்." அஞ்சு விரல் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "கைன்னா அஞ்சு வெரல்தானே? குருட்டாம்போக்குல அடிச்சிருக்காரு. நாமளும் பரீட்சையில அப்படித்தானே எழுதினோம்!"

அவளும் சிரித்தாள்.

பேகம்பூரில் அவள் வீடு. சாயங்காலம் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஃபர்ஹீன் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குத் தினமும் ஒரே விளையாட்டு. அம்மாவின் ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இன்னொரு கையை நீட்டுவாள்.

"எத்தனை விரல் தெரியுதும்மா? தப்பாச் சொன்னா ஊசி!"

"மூணு."

"தப்பு! நாலு!" என்று கையில் கிள்ளுவாள். தோல் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் கணவன் முகமது யாசின், உப்பு வாடையோடு வாசலில் நின்று, "டாக்டரம்மா, எனக்கும் ஒரு சீட்டு போடுங்க" என்பான். அவனைக் குளித்துவிட்டு வரச் சொல்லி இரண்டு பேருமாக விரட்டுவார்கள்.

அடுத்த வாரம் சின்னாளப்பட்டியிலிருந்து சொர்ணலட்சுமி வந்தார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். காலையில் எழுந்தபோதே இடது கண் இருண்டுவிட்டதாம், வலியே இல்லையாம். துணைக்கு வந்த மருமகள் வெளியே பில் கட்டப் போயிருந்தாள். அதே ஸ்டூல், அதே அடைப்பு. அஃப்சானாவுக்கு ஒரு குறும்பு தோன்றியது. குருட்டாம்போக்கில் சொல்கிறவரைப் பிடிக்க ஒரு வழி உண்டு: விரலே காட்டக் கூடாது. கையை மூடி முஷ்டியாகப் பிடித்தாள்.

"எத்தனை விரல் பெரியம்மா?"

"அஞ்சு."

கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?"

"அதே அஞ்சுதான் தாயி. கையை எடுத்தாத்தானே மாறும்."

விசிறி இரைந்துகொண்டிருந்தது. திரைக்கு அப்பால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"கை எங்க இருக்கு பெரியம்மா?"

"இதென்ன கேள்வி, உன் தோளுலதான். உங்க அம்மாவா அது? இம்புட்டுப் பிரியமாப் புடிச்சிக்கிட்டு நிக்குது." கிழவி குரலைத் தாழ்த்தினார். "விரல்ல நகமே இல்லையே, பாவம். தீயில கீயில பட்டுச்சாக்கும்?"

அஃப்சானா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சுவர்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தோளில் எந்தக் கனமும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் ஸ்பிரிட் வாசனைக்கு அடியில், பூட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்து வியர்த்தால் உள்ளங்கையில் வருமே, அந்த இரும்பு வாடை, மெல்ல, காதோரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாய ஊசியும் போட வேண்டியிருந்தது. நர்ஸ் வந்து கையில் மஞ்சள் மருந்தை ஏற்றிவிட்டுப் போனாள். நல்ல கண்ணாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள் ஒரு மரம் முளைப்பதுபோலக் குழாய்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். இந்தக் கண்ணில் ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு படம். இருட்டு. இன்னொரு படம். இருட்டு. அந்த ரத்தமில்லாத கண் மட்டும் அசையாமல் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, கடைசிப் படத்துக்கு முன்னால், சற்றே நகர்ந்தது. தோளிலிருந்து கழுத்துக்கு.

சாயங்காலம் வழக்கம்போல உள்ளங்கை வந்து கண்ணைப் பொத்தியது.

"எத்தனை விர…"

அஃப்சானா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டியதில் பிள்ளையின் மணிக்கட்டு சுவரில் மோதிவிட்டது.

"இனிமே இந்த விளையாட்டு கிடையாது. யாருகிட்டயும் கேக்கக் கூடாது. கேட்டே, வாயில சூடு போட்டுருவேன்."

ஃபர்ஹீன் அழக்கூட இல்லை, அப்படி முழித்தாள். யாசின் ஓடிவந்தான். "ஏம்மா, பைத்தியமா உனக்கு? பச்சைப்புள்ளையப் போயி!"

அவனிடம் என்னவென்று சொல்வது? அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த இரண்டு பேரையும் டாக்டரும் பார்த்தார். நர்ஸ் தொட்டு ஊசி போட்டாள். வீட்டு ஆட்கள் கூடவே இருந்தார்கள். ஒருவர் தோளிலும் கை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். செத்த கண்ணிடம் 'எத்தனை விரல்' என்று யார் கேட்கிறார்களோ, அவர்கள் பின்னால் வந்து நிற்கிறது அது. அவள் தோளோடு போகட்டும். இந்தப் பிள்ளையின் வாயில் அந்தக் கேள்வி வரக் கூடாது.

அதற்குப்பின் அவள் கேட்பதை விட்டாள். விரல் எண்ண வேண்டிய யார் வந்தாலும் தானாகவே ஓர் அளவை எழுதிவிட்டுப் படத்தை எடுத்து அனுப்பினாள். தன் ஸ்டூலை முன்னால் இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியைச் செருகி வைத்தாள். ஒரு நாள் காலையில் அந்தப் பெட்டி நசுங்கியிருந்தது. மேல்பக்கம் மட்டும். யாரோ ஏறி நின்ற மாதிரி.

மொக்கைச்சாமி மறுபரிசோதனைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார்; பாண்டிச்செல்வியால் கடையை விட்டு வர முடியவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும், வலது கண் தானாகத் திரும்பி அவளுக்குப் பின்னால் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. அஃப்சானா தலையைத் தூக்காமல், பழைய அளவையே எழுதி ஃபைலை உள்ளே அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரே ஃபைலோடு வந்து திரையை விலக்கினார்.

"என்னம்மா இது? போன தடவை எழுதினதையே அப்படியே காப்பி அடிச்சிருக்கே. தேதியைக்கூட மாத்தலை. கேட்டுட்டு எழுது."

"சார், நீங்களே ஒரு தடவை கேட்டுருங்களேன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. சார், கேளுங்க. கேட்டுருங்க.

"நல்லா இருக்கே! வெளிய எம்புட்டுக் கூட்டம் நிக்குது பாத்தியா? நான் விரலைக் காட்டிக்கிட்டு உக்காந்தா நீ போயி ஆபரேஷன் பண்றியா?" அவர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உம், கேளு."

வேறு வழியில்லை. இரண்டு கையும் மடியில்.

"எத்தனை விரல் தெரியுதுண்ணே?"

மொக்கைச்சாமி நிதானமாகப் பார்த்தார்.

"நாலுங்க."

டாக்டர் "பாத்தியா, பதில் மாறுது" என்று சொல்லிவிட்டுத் திரையை விட்டுப் போனார். அஃப்சானாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. நாலு. குறைந்திருக்கிறது. போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை. யா அல்லாஹ்.

"கட்டை விரல் போயிருச்சாண்ணே?"

"போகலீங்க அம்மணி." அவர் குரல் கூசியது, சொல்லலாமா கூடாதா என்பதுபோல. "நாலு வெரலு உங்க கன்னத்துல இருக்குதுங்க. கட்டை வெரலு… அது உங்க கண்ணு மேலதானுங்க இருக்குது."

இரும்பு வாடை.

விசிறி நின்றது. நிற்கவில்லை, அவளுக்குத்தான் கேட்கவில்லை.

வலது இமை மேல் ஏதோ பட்டது. குழந்தை தொடுவதுபோல. அப்புறம் அழுத்தியது. வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை. ஈரத்துணியால் சிலேட்டைத் துடைப்பதுபோல, ஓரத்திலிருந்து, மொக்கைச்சாமியின் முகம் போனது. கேமரா போனது. பச்சைப் புள்ளி போனது.

அலறியது தான்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் அவளைக் கேமராவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். நோயாளி உட்காரும் பக்கம். பதினொரு வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. படத்தை அவரே எடுத்தார். பிறகு மானிட்டரை அவள் பக்கம் திரும்பாமல் நகர்த்தினார். அவள் இடது கண்ணால் பார்த்துவிட்டாள். தோசை மாவு. குங்குமப் பொட்டு.

"பயப்படாதே. கண்ணு முன்னாலயே நடந்திருக்கு, ஒரு நிமிஷம் வீணாகலை. ரெண்டு கண்ணையும் மூடிக்க." அவர் இமைக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். அடைப்பு அசைந்து கொடுக்கும் என்பதற்காகச் செய்வது. அஃப்சானாவின் உடம்பு வெட்டிவெட்டிப் போட்டது.

"டார்ச் தெரியுதா?"

"இல்ல சார். சார்… விரல் மட்டும் கேக்காதீங்க."

"சரிம்மா, கேக்கலை."

ஏதோ அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். மூடிய கண்களுக்குள் அவள் பயந்து பயந்து தேடினாள். ஒன்றுமில்லை. கை இல்லை, விரல் இல்லை. இருட்டு வெறும் இருட்டாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் அது யார் பின்னாலும் நிற்கவில்லை. ஒரு கண்ணோடு முடிந்தது. இந்த ஒரு கண்ணோடு. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"மதுரைக்குப் போயிருங்க. நான் போன் பண்ணிட்டேன். கார் கீழ நிக்குது, ஒரு மணி நேரத்துல போயிரலாம். லெட்டர் தாரேன்." டாக்டர் தன் அறையில் அவளை உட்கார வைத்து எழுதத் தொடங்கினார். பேனா கீறும் சத்தம். மேஜையில் அவள் கண்ணின் படங்கள், பழுப்பு நிறக் கவர், பசை டப்பா. அவள் இடது கண்ணை இமைக்காமல் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெரிந்தது. எல்லாம் தெரிந்தது.

யாசின் மூச்சிரைக்க வந்தான். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அரை நாள். ஃபர்ஹீனை அழைத்துக்கொண்டு வந்தபோதுதான் போன் போயிருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "என்னம்மா, காலையில நல்லாத்தானே இருந்தே…" என்றான்.

ஃபர்ஹீன் சீருடையோடு வந்து மடியில் ஏறினாள். ஊக்குக் குத்திய கைக்குட்டை நெஞ்சில் தொங்கியது. அன்றைக்கு அடி வாங்கியதிலிருந்து அவள் மடிக்கு வந்ததே இல்லை. அஃப்சானா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"கண்ணு வலிக்குதாம்மா?"

"இல்லடா தங்கம். வலியே இல்ல."

"தெரியலையா?"

"ஒண்ணு தெரியுது. ஒண்ணு போதும்."

பிள்ளை அம்மாவின் முகத்தைத் தடவிக் கொடுத்தாள். வலது இமையில் ஊதிவிட்டாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எல்லோரும் கலங்கி நிற்கிறார்களே என்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "பாருங்க யாசின், என்னைவிடப் பெரிய டாக்டர் வந்தாச்சு. நீயே பாத்துச் சொல்லு பாப்பா, அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"சார், வேண்டாம்…" என்றாள் அஃப்சானா.

அதற்குள் சாக்பீஸ் வாசனையடிக்கும் அந்தச் சின்ன உள்ளங்கை வந்து நல்ல கண்ணைப் பொத்திவிட்டது. பாசமாக. இறுக்கமாக.

அறை போனது. டாக்டர் போனார். யாசின் போனான்.

"எத்தனை விரல் தெரியுதும்மா?"

இருட்டு. வெறும் இருட்டு. பசை டப்பாவின் மூடியைத் திருகும் சத்தம். தாளை மடிக்கும் சத்தம். பிள்ளையின் மூச்சு முகத்தில் பட்டது. அதற்குள் இரும்பு வாடை.

முதலில் ஒன்று தெரிந்தது. நீளமாக, வெளிறி. அதன் பக்கத்தில் இன்னொன்று. நகமில்லாமல். மூன்று. நாலு. அஞ்சு. இருட்டில் அந்தக் கை மட்டும் பட்டப்பகல் வெளிச்சத்தில் இருப்பதுபோல அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. ஒரு தோளை ஆசையாகப் பிடித்திருந்தது. தோள் சின்னது, கைக்குப் போதவில்லை. விரல்கள் தோளைத் தாண்டி நெஞ்சுவரை, கைக்குட்டை ஊக்கு வரை, தொங்கின.

"சொல்லும்மா. தப்பாச் சொன்னா ஊசி."

அஃப்சானா வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் போய்விடும். பதில் இல்லாவிட்டால் போய்விடும். பல்லைக் கடித்தாள். உதட்டில் ரத்தம் கரித்தது.

விரல்கள் போகவில்லை. வரிசையில் நிற்கிறவர் பொழுது போகாமல் தட்டுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, அந்தத் தோளில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

டாக்டர் கவரின் வாயை மடித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்க்கும் சத்தம். ஆஸ்பத்திரி முத்திரை, டொக்கென்று ஒரு முறை.

"இந்தாங்க யாசின். பிரிக்காம அங்க டாக்டர் கையிலயே குடுங்க." கவர் கைமாறியது. "ஒட்டியாச்சு. கிளம்புங்க."

கிளம்பச் சொன்னது தங்களைத்தான் என்பதுபோல, விரல்கள் தாளத்தை நிறுத்தி, ஃபர்ஹீனின் தோளிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்தன. கட்டை விரல் முதலில், பிள்ளையின் கண்ணை நோக்கி.